டிராயிங் ஓரத்தில் பிறந்த ஒப்புதல்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலைகளில் லேத் பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு டிராயிங் தொங்கும். அந்தப் படத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். ரெவிஷன் ஏ, பி, சி என்று வரிசை; பக்கத்தில் தேதி; என்ன மாறியது என்று ஒரு வரி; வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று கையெழுத்து. ஒரு துளையின் விட்டத்தை அரை மில்லிமீட்டர் கூட்ட வேண்டுமென்றாலும் இ.சி.என். என்ற மாற்றக் குறிப்பு எழுதியாக வேண்டும். அது வடிவமைப்பு, உற்பத்தி, தரம், கொள்முதல் என்று மேசை மேசையாகச் சுற்றி வரும். ஒப்புதல் ஆனதும் பழைய தாளைத் தளத்திலிருந்து அகற்றிவிட்டுத்தான் புதியதை வைக்கலாம். ஆடிட்டுக்கு வருகிறவரின் கண் முதலில் தேடுவதே, எங்காவது பழைய ரெவிஷன் கிடக்கிறதா என்பதைத்தான்.

இதற்கு மேல் பி.பி.ஏ.பி. வேறு. 1990களில் அமெரிக்க கார் நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த நடைமுறை அது. புதிய பாகமோ, மாற்றிய பாகமோ வாடிக்கையாளருக்குப் போவதற்கு முன் டிராயிங், அளவுச் சோதனை, மூலப்பொருள் சான்று, என்னென்ன கெட்டுப்போகலாம் என்ற ஆய்வு என 18 வகை ஆவணங்கள் தயாராக இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கையெழுத்து வராமல் அந்தப் பாகம் லாரி ஏறாது. இந்தத் திருவள்ளூர் மாவட்டத்தில் சுத்தியலும் ஸ்பேனரும் பிடித்த கைகளுக்கெல்லாம் இந்த ஒழுங்கு பழக்கமானது.

இதே கும்மிடிப்பூண்டி நிலையத்திலிருந்து காலை லோக்கலில் சென்னை மென்பொருள் அலுவலகங்களுக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தாங்கள் எழுதிய நிரலைத் தனிக் கிளையில் வைத்து, உடன் வேலை செய்பவரிடம் அப்ரூவல் கேட்டு, தானியங்கிச் சோதனைகள் பச்சை விளக்குக் காட்டிய பிறகு பிரதானக் கிளையில் மெர்ஜ் செய்து, ரிலீஸுக்கு இன்னொரு அப்ரூவல் வாங்குகிறார்கள். அது மென்பொருள்காரர்கள் கண்டுபிடித்த முறை என்றுதான் அவர்களில் பலர் நினைக்கிறார்கள். அதன் வேர் தொழிற்சாலை டிராயிங்கில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி ஏவுகணைக்கும் நிலவுக்கும் போய், பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவில் சில பாடங்களைக் கற்று, கணினித் திரைக்கு வந்து சேர்ந்தது.

1950களின் கடைசியில் அமெரிக்க ஏவுகணைத் திட்டங்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. அவசரம் மிகுந்த காலம். ஒவ்வொரு ஏவுகணையிலும் பொறியாளர்கள் கடைசி நாள்வரை திருத்தம் செய்தார்கள். ஒன்று நன்றாகப் பறந்துவிட்டால், அதைப் போலவே இன்னொன்று செய்யலாம் என்று டிராயிங்கை எடுத்துப் பார்த்தால், பறந்தது ஒன்றாகவும் தாளில் இருப்பது வேறொன்றாகவும் இருந்தது. தோற்றது ஏன் என்று தெரியாதது ஒரு பக்கம் இருக்கட்டும். வென்றது எது என்றே தெரியவில்லை. இதற்கு விடையாக 1962இல் அமெரிக்க விமானப்படை ஒரு கையேடு வெளியிட்டது. ஒரு குறிப்பிட்ட நிலையை அடிப்படை என்று உறையவைக்க வேண்டும். அதற்குப் பிறகு யார் எதை மாற்ற விரும்பினாலும் கோரிக்கை எழுத வேண்டும். அந்த மாற்றத்தால் பாதிக்கப்படும் எல்லாப் பிரிவினரும் உட்காரும் ஒரு கட்டுப்பாட்டு வாரியம் அதற்குத் தலையசைக்க வேண்டும். மினிட்மேன் ஏவுகணைத் திட்டத்தை நடத்திய சாமுவேல் பிலிப்ஸ் 1964இல் நாசாவுக்கு வந்தபோது இந்த முறையையும் அப்பல்லோவுக்குக் கொண்டுவந்தார்.

அங்கே மென்பொருளும் இப்படியொரு வாரியத்தின் முன் வந்து நின்றது. அப்பல்லோ விண்கலத்தின் கணினிக்கான நிரலை எம்.ஐ.டி.யில் எழுதினார்கள். எழுதியதை ரேதியான் நிறுவனத்தின் வால்தம் ஆலைக்கு அனுப்பினால், அங்கே பெண் தொழிலாளர்கள் மெல்லிய செம்புக் கம்பியைச் சிறு காந்த வளையங்களுக்குள் கோத்து நெய்தார்கள். கம்பி வளையத்துக்குள் புகுந்து போனால் 1, வெளியே போனால் 0. மொத்தம் 36,864 சொற்கள் கொள்ளும் நினைவகம். நெய்து முடிக்க வாரக் கணக்கில் ஆகும். நெய்த பிறகு ஒரு வரியைத் திருத்துவதென்றால் அந்தப் பகுதியைத் திரும்பவும் செய்ய வேண்டும். ஆகவே பயணத்துக்குப் பல மாதம் முன்பே நிரலை உறையவைத்தாக வேண்டிய கட்டாயம். ஹூஸ்டனில் உள்ள நாசா மையத்தில் கிறிஸ்டோபர் கிராஃப்ட் தலைமையில் மென்பொருள் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. நிரல் மாற்றக் கோரிக்கை என்ற படிவம் இல்லாமல் எம்.ஐ.டி. ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது என்று ஆயிற்று. எழுதியவர்களுக்கு இது எரிச்சலாக இருந்திருக்கும். ஆனால் நெய்த கம்பியே அந்த வாரியத்துக்குப் பக்கபலமாக நின்றது. மாற்றம் கஷ்டமாக இருந்ததால் மாற்றும் முன் யோசித்தார்கள்.

காந்த நாடாவும் வட்டும் வந்த பிறகு அந்தக் கஷ்டம் போய்விட்டது. ஒருவர் மதியம் நினைத்ததை மாலைக்குள் மாற்றிவிடலாம். 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் எழுதிய எஸ்.சி.சி.எஸ். என்ற கருவி, மூலநிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது, ஏன் என்ற குறிப்போடு சேமித்தது. டிராயிங் ஓரக் கட்டம் கணினிக்குள் நுழைந்தது என்று சொல்லலாம். ஆனால் அது கணக்கெழுதும் கருவிதான். தப்பான மாற்றம் வந்தால் அதையும் அழகாகப் பதிந்து வைக்கும், தடுக்காது.

தடுப்பது என்ற பாதிக்கு நான் ஸ்ரீஹரிகோட்டாவைப் பார்க்கிறேன். கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ரயில் ஆந்திர எல்லைக்குள் போனால் சூளூர்ப்பேட்டை. அங்கிருந்து ஏரியின் குறுக்கே சாலை. இந்தப் பக்கத்துக்கு ராக்கெட் என்பது செய்தித்தாள் விஷயம் மட்டுமல்ல. ஏவும் நாளில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குள் போகக் கூடாது. வலை கரையிலேயே கிடக்கும். ஏவுதல் தள்ளிப்போனால் அவர்களுக்கு இன்னொரு நாள் கூலி போகும். 'நிறுத்து' என்ற சொல்லின் விலை இங்கே வீட்டு அடுப்புவரை வரும்.

1979 ஆகஸ்ட் 10. இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவுவாகனம் எஸ்.எல்.வி.-3, முதல் பயணம். திட்டத்தின் தலைவர் அப்துல் கலாம். கடைசி நிமிடங்களில் கட்டுப்பாட்டைக் கையில் எடுத்த கணினி, ஏவுதலை ஹோல்டில் வைத்தது. கட்டுப்பாட்டு அமைப்பில் ஏதோ ஒன்று ஒழுங்கில்லை என்று திரை காட்டியது. உடனிருந்த நிபுணர்கள் கணக்குப் பார்த்து, எரிபொருள் இருப்பு போதுமான அளவு இருக்கிறது, போகலாம் என்றார்கள். கலாம் கணினியை பைபாஸ் செய்து, கைமுறைக்கு மாற்றி, ராக்கெட்டை ஏவினார். முதல் நிலை நன்றாக எரிந்தது. இரண்டாம் நிலையில் கட்டுப்பாடு போய், சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது. ஒரு வால்வில் தூசு சிக்கி அது சரியாக மூடாமல், இரண்டாம் நிலையைத் திசை திருப்ப வேண்டிய நைட்ரிக் அமிலம் ஏவும் முன்பே கசிந்து போயிருந்தது. கணினி சுட்டியதும் அந்தக் கோளாறைத்தான்.

இந்தக் கதையை நாம் பெரும்பாலும் அன்றைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவானின் பெருந்தன்மைக்காகச் சொல்கிறோம். தோல்வியன்று பத்திரிகையாளர் முன் தானே நின்று பொறுப்பேற்றார்; 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிடைத்தபோது கலாமை முன்னே அனுப்பினார். அது போற்றத்தக்கதுதான். ஆனால் ஒப்புதலின் வரலாற்றில் இதைவிடக் கனமான பகுதி, ஏவுவதற்கு முந்தைய அந்தச் சில நிமிடங்கள். நாடு காத்திருக்கிறது, வருடக்கணக்கான உழைப்பு ஏவுதளத்தில் நிற்கிறது, ஒரு இயந்திரம் மட்டும் வேண்டாம் என்கிறது. அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் 'போகலாம்' என்று சொல்ல நூறு காரணம் இருந்தது. அவசரமில்லாத ஒரே தரப்பு கணினி. அதற்குக் கேள்வி கேட்கும் உரிமை இருந்தது. முடிவாக நிறுத்தும் உரிமை இல்லை. கலாம் பிற்காலத்தில் மாணவர் கூட்டங்களில் கணினியை பைபாஸ் செய்ததைத் தானே வெளிப்படையாகச் சொல்லி வந்தார். அப்படிச் சொல்லியிராவிட்டால் இந்தப் பாடம் கோப்புக்குள்ளேயே புதைந்திருக்கும்.

அடுத்த பாடம் 1993 செப்டம்பர் 20. பி.எஸ்.எல்.வி.யின் முதல் பயணம், ஐ.ஆர்.எஸ்.-1இ செயற்கைக்கோளோடு. இரண்டாம் நிலை பிரிந்தபோது எதிர்பாராத பெரிய அசைவு ஏற்பட்டது. அதைச் சமாளித்து ராக்கெட்டை நேராக்க வேண்டிய நிரலில் ஒரு பிழை இருந்தது: கட்டுப்பாட்டு ஆணையின் அளவு அதற்கு வகுத்த உச்ச எல்லையைத் தாண்டினால் மட்டும் வெளிப்படும் பிழை. எல்லைக்குள் இருக்கும்வரை அந்த நிரல் ஒழுங்காகத்தான் நடந்துகொள்ளும். அன்றைக்கு எல்லை தாண்டியது. ராக்கெட் நிலைகுலைந்து சுற்றுப்பாதையை எட்டாமல் விழுந்தது. மூன்று ஆண்டு கழித்து, 1996 ஜூன் 4இல், ஐரோப்பாவின் ஏரியன் 5 தன் முதல் பயணத்தில் 40 வினாடிக்குள் வெடித்ததும் இதற்கு நெருங்கிய உறவுள்ள பிழையால்தான். ஏரியன் 4இல் குறையில்லாமல் ஓடிய நிரலை அப்படியே எடுத்து வைத்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகத்தில் ஒரு எண் 16 பிட் இடத்துக்குள் அடங்காமல் வழிந்தது. ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக ஒப்புதல் பெற்றதுதான். சேர்த்துவைத்துப் பார்த்தபோதுதான் வழு இருந்தது. அதுவும் வழக்கமான பாதையில் ஓட்டிப் பார்த்தால் தெரியாத வழு. நிரல்களை ஒருங்கிணைப்பது என்ற வேலைக்கு ஒப்புதலைவிடச் சோதனை ஏன் முக்கியம் என்பதற்கு இந்த இரண்டு விபத்துக்கு மேல் சாட்சி வேண்டாம். இஸ்ரோ திருத்தம் செய்து, 1994 அக்டோபர் 15 அன்று இரண்டாவது பி.எஸ்.எல்.வி.யை வெற்றிகரமாக ஏவியது.

2001 மார்ச் 28இல் ஜி.எஸ்.எல்.வி.யின் முதல் முயற்சியில் நிலைமை வேறு. பக்கவாட்டில் இணைத்த நான்கு திரவ எஞ்சின்கள் முதலில் பற்றவைக்கப்பட்டன. அவற்றில் ஒன்று போதிய உந்துவிசை தரவில்லை. மேலெழ ஒரு வினாடி இருக்கும்போது தானியங்கி அமைப்பு எல்லாவற்றையும் அணைத்துவிட்டது. யாரிடமும் கேட்கவில்லை, யாரும் தைரியம் காட்ட வேண்டியிருக்கவில்லை. ராக்கெட் ஏவுதளத்திலேயே நின்றது. கோளாறைச் சரிசெய்து, 21 நாள் கழித்து ஏப்ரல் 18 அன்று அதையே ஏவினார்கள். 1979இல் பைபாஸ் செய்ய முடிந்த அறிவிப்பு, 2001இல் பைபாஸ் செய்ய நேரமே தராத தடையாக வளர்ந்திருந்தது.

இனி மென்பொருள் உலகத்தை வேகமாகப் பார்த்துவிடலாம். 2003இல் எஸ்.சி.ஓ. நிறுவனம், லினக்ஸ் இயங்குதளத்தில் தன் கோடு கலந்திருக்கிறது என்று ஐ.பி.எம். மீது வழக்குப் போட்டது. எந்த வரி யாரிடமிருந்து வந்தது என்று காட்ட வேண்டிய தேவை எழுந்தது. 2004இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார்: எழுதியவரும், அதை வாங்கி மேலே அனுப்பும் ஒவ்வொருவரும் தன் பெயரில் ஒரு கையொப்ப வரி சேர்க்க வேண்டும். அடுத்த ஆண்டு ஏப்ரலில், மாற்றங்களைப் பதிய லினக்ஸ் குழுவினர் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் கருவியின் இலவச உரிமம் பறிபோக, கிட் என்ற கருவியை அவரே எழுதத் தொடங்கினார். 2008இல் கிட்டை வைத்து இயங்கும் கிட்ஹப் இணையதளம் வந்தது. என் மாற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதும், பார்த்துச் சொல்வதும், மறுப்பதும் ஒரே பக்கத்தில் நடக்கத் தொடங்கியது. சன் நிறுவனத்தில் வேலை பார்த்த கோசுகே கவாகுசி, யாராவது கோடு சேர்த்தவுடனே முழுவதையும் பில்டு செய்து, உடைந்தால் உடனே சொல்லும் ஹட்சன் என்ற நிரலை உருவாக்கி 2005இல் வெளியிட்டார். 2011இல் அது ஜென்கின்ஸ் என்று பெயர் மாறியது. மனிதனின் கையெழுத்தும் இயந்திரத்தின் தடையும் இவ்வாறு ஒரே வாசலில் சந்தித்தன. சோதனை சிவப்பாக இருந்தால் மேலாளரே நினைத்தாலும் மெர்ஜ் பொத்தான் அழுந்தாதபடி வைக்கலாம். 1979இல் இல்லாத உரிமை அது.

ஆனாலும் ஓட்டை எங்கே விழும் என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு கோப்பால் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த நிறுவனத்தில் நிரலுக்குப் படிப்படியான வெளியீட்டு முறை இருந்தது. முடக்கிய கோப்பு நிரலல்ல, நிரல் படிக்கும் தகவல். அதனால் அது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனது. 'இது கோடு இல்லை, வெறும் செட்டிங்தான்' என்ற விலக்கு எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆபத்து குடியிருக்கிறது.

அதைச் சொல்லும்போது எனக்குத் திருவள்ளூர் மாவட்டத் தொழிற்சாலைகள்தான் கண்ணில் நிற்கின்றன. திருவள்ளூரில் மண்வாரி இயந்திரங்கள் செய்கிறார்கள், தேர்வாய் கண்டிகையில் டயர், கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருட்டாலைகள். இவற்றின் லைன்களை ஓட்டுவது பி.எல்.சி. என்ற சிறிய கணினி. அது பிறந்த காரணமே மாற்றத்தைச் சுலபமாக்குவது. 1968இல் ஜெனரல் மோட்டார்ஸ், மாடல் மாறும்போதெல்லாம் ரிலே பேனல்களைக் கழற்றி மறுபடி வயர் இழுக்கும் தொல்லைக்கு மாற்று கேட்டது; பொறியாளர் டிக் மார்லியின் குழு மோடிகான் 084 என்ற பி.எல்.சி.யைச் செய்து கொடுத்தது. ரிலே காலத்தில் ஒரு இன்டர்லாக்கை மாற்ற வேண்டுமென்றால் வயரிங் டிராயிங்கில் கை வைக்க வேண்டும். ஆகவே அந்த ஓரக் கட்டமும் உடன் வரும். பி.எல்.சி.யில் லேப்டாப்பைச் செருகினால் போதும்.

இரவு ஷிப்டில் ஒரு சென்சார் வேலை செய்யாமல் லைன் நின்றுவிடுகிறது. உற்பத்தி இலக்கு தலைக்கு மேல் தொங்குகிறது. மெயின்டனன்ஸ் இன்ஜினியர் பி.எல்.சி.யின் லேடர் நிரலைத் திறந்து அந்த சென்சாரின் கான்டாக்டை பைபாஸ் செய்கிறார். லைன் ஓடுகிறது. காலை ஷிப்டுக்கு வாய்மொழியாகச் சொன்னால் உண்டு. சென்சார் வந்த பிறகு பைபாஸை எடுக்க யாருக்கு நினைவிருக்கும்? ஓடும் நிரல் ஒன்று, அவர் லேப்டாப்பில் இருப்பது ஒன்று, பீரோவில் பென்டிரைவில் இருப்பது மற்றொன்று. ஒரு பாகத்தின் அரை மில்லிமீட்டருக்கு நான்கு மேசை சுற்றும் அதே ஆலையில், ஒரு பிரஸ் மூடும் முன் கை உள்ளே இருக்கிறதா என்று பார்க்கும் நிரல் வரிக்குச் சாட்சியில்லை. அது எலக்ட்ரிக்கல் ஆளின் சமாசாரம், செட்டிங் என்று விட்டுவிடுகிறார்கள். இரவில் தனியாக நிற்கும் அந்த இன்ஜினியரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் நிற்பது 1979இன் அந்த அறையில். பக்கத்தில் கணக்குப் பார்த்துச் சொல்ல நிபுணர்கள்கூட இல்லை.

கிட் கருவியை அப்படியே கொண்டுவந்து இங்கே வைத்துவிட முடியாது. லேடர் நிரல் படம் போன்றது, பெரும்பாலான பி.எல்.சி. புராஜெக்ட் கோப்புகளை எழுத்து எழுத்தாக ஒப்பிட முடியாது. அதற்கு அந்தந்த நிறுவனத்தின் ஒப்பிடும் கருவி வேண்டும். ஆனால் அதற்கு முன்பே செய்யக்கூடியது நிறைய. ஒப்புதல் பெற்ற நிரலின் ஒரே ஒரு பிரதி, யார் லேப்டாப்பிலும் இல்லாமல், ஆலையின் சர்வரில் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை ஓடும் நிரலை இறக்கி அதோடு ஒப்பிட வேண்டும். அவசரத் திருத்தத்தை அனுமதிக்கலாம், மென்பொருள் நிறுவனங்களும் அனுமதிக்கின்றன. ஆனால் அடுத்த ஷிப்ட் முடிவதற்குள் இரண்டாவது ஆள் ஒருவர் அதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும், இல்லாவிட்டால் பழைய நிரல் திரும்ப ஏற வேண்டும். பாதுகாப்பு இன்டர்லாக்கை மட்டும் ஒருவராகத் தொடவே கூடாது.

நிறுத்தச் சொன்னால் நிற்பது எப்படி என்பதையும் ஸ்ரீஹரிகோட்டாவே காட்டியது. 2023 அக்டோபர் 21 காலை, மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் சோதனை வாகனம் டி.வி.-டி1 ஸ்ரீஹரிகோட்டாவில் நின்றது. வானிலையால் 8:45க்குத் தள்ளிவைத்த ஏவுதலை, எண்ணிக்கையில் ஐந்து வினாடி இருக்கும்போது கணினி நிறுத்தியது. இம்முறை யாரும் அதை ஒதுக்கித் தள்ளவில்லை. என்ன கோளாறு என்று தேடி, கண்காணிப்பில் ஏற்பட்ட பிசகைக் கண்டுபிடித்து, சரிசெய்து, மறுபடி அனுமதி தந்து, பத்து மணிக்கு ஏவினார்கள். தாமதம் ஒன்றேகால் மணி நேரம். வீரர்கள் உட்காரப்போகும் கலத்தின் சோதனை மாதிரி திட்டமிட்டபடி பிரிந்து, பாராசூட்டில் கடலில் இறங்கியது.